உட்காருகிற காட்சி

கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். திருநெல்வேலி டவுனில் ரத வீதியில் இருக்கும் மூன்று மாடி ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாடி பட்டுப் பிரிவில் சித்ரலேகா யார் என்று கேட்டால், "அந்த வாய்க்காரியா?" என்று கைகாட்டுவார்கள். வாய்க்காரிதான். வாய் இல்லாமல் ஒரு நாளைக்கு இருநூறு சேலை விரித்துக் காட்டிவிட முடியுமா?

எங்கள் மாடியில் பன்னிரண்டு பெண்கள். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்து சில வருஷம் ஆகிறது. அந்தச் சட்டம் எங்கள் மாடிப்படி ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டவர் சூப்பர்வைசர் பூதலிங்கம் அண்ணாச்சி. தூணில் சாய்ந்தால், "தூணு விழுந்துரும்னு தாங்கிப் பிடிக்கியோ?" என்பார். குனிந்து காலைத் தடவினால், "காலு அங்கனதான் இருக்கு, எங்கயும் ஓடிப் போவாது" என்பார். பத்துப் பேர் முன்னால்தான் சொல்வார். தனியாகச் சொன்னால் அவருக்கு ருசிக்காது.

அவருடைய வாய்க்கு அதிகம் அகப்பட்டவள் நஃபீஸத். மேலப்பாளையத்துக்காரி, என் வயசு, என் பக்கத்து கவுண்டர். நின்று நின்று அவள் கெண்டைக்காலில் நரம்பெல்லாம் சுருண்டு புடைத்துவிட்டது. "நடுவுல நடுவுல உக்காரணும்மா. முடியாதுன்னா இந்த வேலையே வேண்டாம்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் தஸ்மியாவை என்ன செய்வது? பிளஸ் டூ படிக்கிற மகள், வாப்பா இல்லாத பிள்ளை. நஃபீஸத் டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனாள். அவர் அதை மாடி முழுக்கக் கேட்கும்படி வாசித்துவிட்டு, "மகாராணிக்கு சிம்மாசனம் வேணுமாம்லா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நஃபீஸத்தும் சேர்ந்து சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து தீபாவளி விளம்பரம் வந்தது.

எங்கள் முதலாளி குமரகுருபரன் வண்ணார்பேட்டையிலிருந்து சாய்கிருஷ்ணன் என்று ஒரு விளம்பரப் படக்காரனைக் கூட்டிவந்தார். இருபத்தைந்து வயசு இருக்கும், தாடி மட்டும் நாற்பது வயசுக்கு இருந்தது. இரண்டு நாள் எங்கள் மாடியில் சும்மா சுற்றினான். மூன்றாம் நாள் கதை சொன்னான். சேலை காட்டிக் களைத்த ஒரு பெண் ஸ்டூலில் உட்காரப் போகிறாள். சூப்பர்வைசர் பின்னாலிருந்து காலால் ஸ்டூலை இழுத்துவிடுகிறார். அவள் தொப்பென்று விழ, மேலே சேலைகள் சரிந்து மூடுகின்றன. சூப்பர்வைசர் அந்தக் குவியலிலிருந்து ஒரு சேலையை உருவி, "உக்கார நேரமில்ல, அம்புட்டு சேலை!" என்கிறார். முடிந்தது படம்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சூப்பர்வைசராக நடிக்க ஆள் தேட வேண்டியதே இல்லை. விழுகிறதற்கு யார் என்று கேட்டபோது நஃபீஸத் கையைத் தூக்கினாள்.

"ஏ பிள்ள, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சும்மா இருட்டி. உக்காருத சீனு வருதுல்லா" என்றாள்.

படம் எடுப்பதற்காகவே பன்னிரண்டு ஸ்டூல்கள் வாங்கினார்கள். முதலில் பழைய பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைத்தான் கொண்டுவந்தார்கள். கேமராவில் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சாய்கிருஷ்ணன் முகம் சுளித்ததால் நல்ல மரத்தில், சிவப்பு மெத்தை வைத்து வந்தன. எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பார்த்தான், பின்னணி அழகாக இருக்க வேண்டுமாம். எட்டு வருஷத்தில் முதல்முறையாக அந்த மாடியில் உட்கார்ந்தேன். நஃபீஸத் பதினான்கு டேக் விழுந்தாள். கீழே மெத்தை போட்டிருந்தார்கள், அடியொன்றும் பெரிதாக இல்லை. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் அவளுக்கு ஐந்து நிமிஷம் ஓய்வு, ஸ்டூலில். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, "இன்னைக்குக் காலு வலிக்கவே இல்லட்டி" என்றாள். அதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை வந்து பார்த்தால் ஸ்டூல் ஒன்றையும் காணோம். குடோன்காரர் வன்னியராஜ் அள்ளிக்கொண்டு போய்ப் பூட்டிவிட்டார்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. உள்ளூர் டிவி, வாட்ஸ்அப், தியேட்டர் இடைவேளை, எங்கே பார்த்தாலும் நஃபீஸத் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தாள். கடையில் கூட்டம் தாங்கவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர், "அந்த விழுவாளே, அந்தப் பொம்பளை எங்க?" என்று கேட்டுக்கொண்டு மாடியேறினார்கள். ஒரு மனுஷர், வேட்டி சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் போட்டிருந்தவர், "எம்மா, ஒரே ஒரு தடவ விழுந்து காட்டு, பேரன் பாக்கணும்ங்கான்" என்றார். "நீங்க மொதல்ல மாடிப்படியில உருண்டு காட்டுங்க, பொறவு பாப்போம்" என்றேன். அண்ணாச்சி என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

நஃபீஸத் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். பஸ்ஸில் அவள் உட்காரப் போகும்போது யாராவது "பாத்து, பாத்து!" என்று கத்துவார்களாம். அதையும் சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்வாள். ஒரு வியாழக்கிழமை அந்தச் சிரிப்பு நின்றது. வகுப்பில் தஸ்மியா உட்காரப் போன நேரம் பின்னாலிருந்து ஒருத்தி நாற்காலியை இழுத்துவிட்டாள். பிள்ளைக்கு முழங்கை பிசகிவிட்டது. வகுப்பே ஒரே குரலில், "உக்கார நேரமில்ல, அம்புட்டு சேலை!" என்றதாம்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நஃபீஸத் வேலைக்கு வரவில்லை. தீபாவளி நெருக்கத்தில் யாரும் லீவு போட மாட்டார்கள். நான் அண்ணாச்சியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"தமாசுக்குத்தானளா எடுத்தோம்? அவளே சிரிச்சாளே!" என்றார்.

"சிரிக்காம என்ன செய்யச் சொல்லுதீய? அழுதா அதையும் படம் எடுப்பீய" என்றேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். சாய்கிருஷ்ணனும் அங்கே இருந்தான். தை மாசக் கல்யாணங்களுக்கு இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறார்களாம்.

"அந்த அக்கா மூஞ்சிதான் ஜனங்க மனசுல நிக்குது. அவங்க இல்லாம ரெண்டாம் பாகம் கிடையாது" என்றான் அவன்.

"நீ சொன்னா கேப்பாளாமே. போய்க் கூட்டிட்டு வா" என்றார் முதலாளி.

எனக்கு உள்ளுக்குள் ஏதோ குதித்தது. இத்தனை வருஷமாக நாங்கள்தான் அவர்களிடம் போய் நிற்போம். முதல்தடவையாக அவர்களுக்கு எங்களில் ஒருத்தி தேவைப்பட்டாள்.

மேலப்பாளையத்தில் நஃபீஸத் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். தஸ்மியா கையில் கட்டோடு எங்கள் இருவருக்கும் தேயிலை போட்டுக் கொடுத்தாள், டீக்கு அங்கே அதுதான் பேர். நான் சேதியைச் சொன்னதும் நஃபீஸத் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தேயிலையை மெதுவாக ஊதிக் குடித்து முடித்தாள்.

"நடிக்கேன்னு சொல்லு. ஆனா பழைய படத்தை எல்லா எடத்துலயும் எடுத்துரணும். புதுப் படத்துல நான் உக்காந்தா உக்காந்ததுதான், யாரும் இழுக்கக் கூடாது. பொறவு அந்த ஸ்டூலு குடோனுக்குப் போவக் கூடாது. அம்புட்டுத்தான்."

"இல்லன்னா?"

"இல்லன்னா டாக்டர் சொன்னபடி வேலையை விட்டுருதேன். எப்பிடியும் விட வேண்டியதுதானே."

நான் திரும்பிவந்து அப்படியே சொன்னேன். முதலாளி புருவத்தைத் தூக்கினார்.

"என்ன, சட்டம் பேசுதியா?"

"முதலாளி, நான் எங்க சட்டம் பேசுனேன்? கதைதான பேசுதேன்! இந்தத் தடவை அண்ணாச்சியே ஸ்டூலைத் தூக்கிட்டு வாராரு. தோளுத் துண்டால தொடைக்காரு. 'உக்காருங்கம்மா'ங்காரு. அவ உக்காந்து நிதானமா சேலை காட்டுதா. எப்பிடி இருக்கு?"

சாய்கிருஷ்ணன் தாடியைச் சொறிந்தான். "இதுல காமெடி எங்கக்கா இருக்கு?"

"பூதலிங்கம் அண்ணாச்சி வாயில இருந்து 'உக்காருங்க'ன்னு வரட்டும். எங்க மாடியில ஒரு பய சிரிப்பை அடக்க மாட்டான்."

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பழைய படத்தை எடுத்துவிடச் சம்மதித்தார், அன்றைக்கே எடுத்தும்விட்டார்கள். ஸ்டூல் விஷயத்துக்கு மட்டும், "அதைப் பொறவு பாப்போம்" என்றார். அவருடைய 'பொறவு' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நஃபீஸத்திடம் சொன்னேன். "வாரேன். வந்து பாக்கேன்" என்றாள்.

மார்கழிக் குளிரில் காலை ஏழு மணிக்குப் படப்பிடிப்பு. கடை திறப்பதற்குள் முடிக்க வேண்டும். குடோனிலிருந்து பன்னிரண்டு ஸ்டூலும் வந்தன, எங்களையும் பின்னணிக்கு உட்காரவைத்தார்கள். நஃபீஸத் பச்சைச் சேலையில், தலையில் முக்காடு போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரி மாதிரி நின்றாள்.

கதை எளிதுதான். அண்ணாச்சியின் நாக்குத்தான் மடங்க மறுத்தது. முதல் டேக்கில் "உக்காரு" என்று அதட்டினார். "மரியாதையா சார்" என்றான் சாய்கிருஷ்ணன். அடுத்ததில் "உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, நஃபீஸத் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் "எந்திரி!" என்று கத்தினார். ஐந்தாவதில் வசனம் சரியாக வந்தது, முகம் மட்டும் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது. எட்டாவதில் துண்டு கைநழுவி விழுந்தது. எங்களுக்குச் சிரித்துச் சிரித்து விலா நோவெடுத்துவிட்டது. வன்னியராஜ் சேலைக் கட்டுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நஃபீஸத் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பொறுமையாக எழுந்து நின்றாள், பொறுமையாக உட்கார்ந்தாள். பதினைந்தாவது டேக்கில் அண்ணாச்சி வியர்த்து விறுவிறுத்து, ஸ்டூலைத் துடைத்து, அவள் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "பைய உக்காருங்கம்மா" என்றார். மெதுவாக என்கிற அந்தப் 'பைய' வசனத்தில் இல்லை.

"ஓகே! முடிஞ்சுது!" என்று சாய்கிருஷ்ணன் கைதட்டினான்.

விளக்குகளை அணைத்தார்கள். கீழே கதவைத் திறந்தார்கள். வன்னியராஜ் வந்து ஸ்டூல்களை அடுக்க ஆரம்பித்தார். நாங்கள் பழக்கத்தில் ஒவ்வொருத்தியாக எழுந்துவிட்டோம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இவ்வளவு வாய் பேசுகிற நானும் எழுந்துவிட்டேன். நஃபீஸத் எழுந்திருக்கவில்லை.

"எம்மா, ஸ்டூலு" என்றார் வன்னியராஜ்.

"நான் உக்காந்திருக்கேன்லா அண்ணாச்சி" என்றாள்.

அதற்குள் பத்தமடையிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் மாடியேறிவிட்டது. அவர்கள் நேரே நஃபீஸத்திடம் போய், "அந்த மாம்பழக் கலரை எடுங்க" என்றார்கள். அவள் உட்கார்ந்தபடியே எட்டி எடுத்து, உட்கார்ந்தபடியே விரித்தாள். நான் வன்னியராஜ் கையிலிருந்து ஒரு ஸ்டூலைப் பிடுங்கி என் கவுண்டருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தேன். அடுத்த கவுண்டர்க்காரி உட்கார்ந்தாள். அதற்கடுத்தவளும் உட்கார்ந்தாள்.

முதலாளி படியேறி வந்து நின்றார். எங்களைப் பார்த்தார். கல்யாண வீட்டுக்காரர்களில் ஒரு பெண் அவரிடம், "பரவாயில்லயே அண்ணாச்சி, உங்க கடையில பிள்ளைகளை உக்கார வச்சிருக்கீயளே! ஆத்திரப்படாம காட்டுதாவ" என்றாள். அவர் தொண்டையைச் செருமினார். "நம்ம கடைன்னா அப்பிடித்தானம்மா" என்று சொல்லிவிட்டு, "என்ன வே வன்னியராஜ், பாத்துட்டு நிக்கீரு? வந்தவுகளுக்குத் தண்ணி குடும்" என்றார். எவ்வளவு சீக்கிரம் அவருடைய யோசனையாகவே ஆக்கிக்கொண்டார் பாருங்கள்! ஆக்கிக்கொள்ளட்டும். ஸ்டூல் எங்களுடையது.

அன்று மத்தியானம் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தது. பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பூதலிங்கம் அண்ணாச்சி மட்டும் நடுவில் நின்றார். இடது காலிலிருந்து வலது காலுக்கும், வலது காலிலிருந்து இடது காலுக்கும் மாறி மாறி நின்றார். அந்த மனுஷர் இருபத்திரண்டு வருஷமாக இந்த மாடியில் நிற்கிறார். அவருக்கென்று யாரும் ஸ்டூல் வாங்கவில்லை. நஃபீஸத் என்னைப் பார்த்தாள்.

"பாவம்ட்டி" என்றாள்.

"நிக்கட்டும். சாயங்காலம் வரைக்கும் நின்னா ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டாரு" என்றேன். நான் ஒன்றும் அவளைப் போல நல்லவள் இல்லை.

அவள் கேட்கவில்லை. வன்னியராஜிடம் சொல்லி, கேமராவுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று ஒதுக்கிய அந்தப் பழைய பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவரச் சொன்னாள். எனக்குப் பக்கத்துத் தூணோரம் அதைப் போட்டார். சேலை எடுக்க எழுந்திருந்த நான் அதற்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"எனக்கெதுக்கு" என்றார் அண்ணாச்சி. சொல்லிக்கொண்டே வந்துவிட்டார். குனிந்து உட்காரப் போனவர் பாதியில் நின்றார். ஒரு கையைப் பின்னால் விட்டு ஸ்டூல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு எங்கள் பன்னிரண்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"யாரும் இழுக்க மாட்டோம் அண்ணாச்சி" என்றாள் நஃபீஸத். "பைய உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். என் கால் நகரவில்லை. கொஞ்சம் அரித்தது என்பது வேறு விஷயம்.