தண்ணீர் வருகிற காட்சி

அந்தப் படத்தை மொக்கை என்று சொல்லாத ஆள் ஆம்பூரில் நான் ஒருத்தன்தான். யார் வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். என் எதிரே சொல்லக் கூடாது, அவ்வளவுதான். ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் என் பக்கத்து டேபிள் ஜான்சன், டீ நேரத்தில் எல்லார் முன்னாலும், "சம்பத்துக்கு மண்ட குழம்பிப் போச்சுடா, தண்ணி ஓடுறத பாத்துட்டு அழுவுறான்" என்றான். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். கையில் வைத்திருந்தால் அவன் மேல்தான் ஊற்றியிருப்பேன்.

படம் இதுதான். காணாமல் போன தம்பியைத் தேடி ஒருவன் ஊருக்கு வருகிறான். பாட்டு இல்லை, சண்டை இல்லை, தம்பியும் கிடைப்பதில்லை. கடைசியில் அவன் ஒரு வறண்ட ஆற்றங்கரையில் உட்காருகிறான். ஆற்றில் தண்ணீர் வருகிறது. வந்துகொண்டே இருக்கிறது. படம் முடிந்துவிடுகிறது. முதல் நாளே பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் திட்டுவதற்காக உட்கார்ந்திருந்தார்கள்.

"தம்பி இன்னா ஆனான்னு சொல்லவே இல்லையேடா," என்றான் ஜான்சன்.

"தம்பி கெடக்கறான் வுட்றா. அது எந்த ஆறுன்னு பாத்தியா? நம்ம பாலாறுடா."

"தெனம் பாக்கறதுக்கு எதுக்குடா டிக்கெட்டு?"

தினம் பார்க்கிறானாம். நாங்கள் தினம் பார்ப்பது மணல், கருவேல முள், நடுவில் தோல் பதனிடும் கம்பெனிகளிலிருந்து நாறிக்கொண்டு போகும் கறுப்புச் சாக்கடை. நாலு வருஷத்துக்கு முன்னால் வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்தில் நின்று செல்போனில் படம் பிடித்தது. நானும் பிடித்தேன். ஆனால் அது வந்துவிட்ட தண்ணீர். வருகிற தண்ணீரை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை, விடிகிற நேரம், எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தோம். படம் எடுத்தவர்கள் மட்டும் வேறு எதற்கோ ஆற்றுக்குள் கேமராவை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் என் மனைவி நந்தினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் திருவையாற்றுப் பக்கம். காவிரியில் குளித்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த அன்று கார் பாலத்தில் ஏறியதும், "இது என்னங்க, மைதானமா?" என்று கேட்டாள். பாலாறு என்றேன். சிரித்தாள் பாருங்கள், ஏழு வருஷமாகியும் அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை. வெள்ளம் வந்த சமயம் பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இருந்தாள். வீடியோ அனுப்பினேன். "எங்க ஊரு வாய்க்கால்லயே இதவிட அதிகமாப் போவும்" என்று பதில் வந்தது.

இப்போது அவள் அண்ணன் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை பார்த்து வைத்திருக்கிறார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். "இந்த ஊர்ல என்னங்க இருக்கு?" என்றாள். சண்டைக்காகக் கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். நிஜமாகவே கேட்டாள், அதுதான் வலித்தது. தோல் வெட்டத் தெரிந்தவனுக்குக் கும்பகோணத்தில் என்ன வேலை இருக்கிறது? போனால் மச்சான் வீட்டில் கைகட்டி நிற்க வேண்டும். போகாவிட்டால் அவளும் பாப்பாவும் அங்கே, நான் இங்கே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தியேட்டருக்கு ஓடினேன். மேனேஜர் உமர் ஃபாரூக் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தோஸ்த். அந்தப் படத்தைத் தூக்கிவிட்டு வேறு போஸ்டர் ஒட்டச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பாய், மதியம் ஒரே ஒரு ஷோ போடு. என் வூட்டுக்காரி பாக்கணும்."

"பேஜார் பண்ணாதடா. ரெண்டு பேருக்கு ஏசி ஓட்ட முடியுமா? ஒரு பத்துப் பதினஞ்சு பேர இட்டுனு வா, போடறேன்."

யாரைக் கூட்டிவருவது? ஜான்சன் சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தான். "அத ரெண்டாவது தடவ பாக்கணுமா? கர்த்தரே," என்று சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டான். மதியம் எங்கள் செக்‌ஷனே வந்துவிட்டது. ஏசியில் தூங்கத்தான் வந்தார்கள். வந்தார்களே.

பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் போனோம். நந்தினி பாதிப் படம் வரைக்கும் கொட்டாவி விட்டாள். பிறகு போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தாள். முன் வரிசையில் ஜான்சனின் குறட்டை.

அந்தக் காட்சி வந்தது. திரை முழுக்க மணல். லாரி டயர் போன தடம். ஒரு கிழிந்த பிளாஸ்டிக் கவர். தூரத்தில் மணல் நிறம் மாறுகிறது. முதலில் தண்ணீரே தெரிவதில்லை. சருகு, சுள்ளி, நுரை. அவற்றைத் தள்ளிக்கொண்டு, தவழுகிற குழந்தை மாதிரி நின்று நின்று வருகிறது. டயர் தடத்துக்குள் இறங்குகிறது. அது நிரம்பும் வரைக்கும் அங்கேயே இருக்கிறது. பிறகு தாண்டுகிறது. ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துப் பின்வாங்குகிறது, மறுபடி முகர்கிறது. அதற்கப்புறம்தான் சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைக்குக் கரை தண்ணீர். ஏற்கெனவே பார்த்தவன்தான் நான், ஆனாலும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மாடி, இவ்வளவு பெரிய ஒன்று எங்கள் ஊருக்குள் வந்திருக்கிறது, நாங்கள் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறோம்.

குறட்டை நின்றிருந்தது. நந்தினியைப் பார்த்தேன். போன் மடியில் கவிழ்ந்து கிடந்தது. அவள் குனிந்தாள். எழுந்து போகப் போகிறாள் என்று நினைத்தேன். செருப்பின் வாரை அவிழ்த்தாள், இரண்டையும் கழற்றி ஓரமாகத் தள்ளினாள், வெறுங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தாள். அவள் ஊரில் வாய்க்காலுக்குப் புதுத் தண்ணீர் வந்தால் செருப்பைக் கரையில் விட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள் என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். "பாத்தியா?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

வெளியே வந்ததும், "இப்பவும் மொக்கதான்டா," என்றான் ஜான்சன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

வீட்டுக்குப் போகும்போது பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் நந்தினி. கீழே அதே மணல், அதே முள், அதே கறுப்புத் தண்ணீர்.

"இவ்ளோ பெரிய ஆறாங்க இது?"

"ஆமா."

"அப்பறம் ஏங்க இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க?"

தோல் வெட்டிச் சோறு தின்கிற கை என் கை. அதை வண்டி ஹேண்டில்பாரிலிருந்து எடுக்காமல் நின்றேன்.

"மறுபடி வருமா?"

"வரும். எப்போன்னு சொல்ல முடியாது. சொல்லாம கொள்ளாம வரும்."

அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலில் காய்ந்த சிமெண்டில் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தேன்.

"செருப்பு எங்க?"

"கரையிலயே விட்டுட்டேன்," என்றாள்.

போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணே, அந்த வேலைக்கு வேற யாரயாச்சும் பாத்துக்கச் சொல்லுங்க. இல்லண்ணே, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. இங்க தண்ணி வர்றப்ப நான் இருக்கணும்."