எல்லோரும் வந்திருந்த நாள்

பதவிக்காலம் முடிந்தும் அதிபர் நாற்காலியை விடுவதாக இல்லை. தேர்தலை மூன்றாவது தடவையாகத் தள்ளிவைத்தார். திங்கட்கிழமை மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து நகரத்தின் பாலம் வழியாக ஊர்வலம் போனார்கள். போலீஸ் பாலத்தை இருபுறமும் அடைத்துவிட்டு அவர்களை அடித்தது. மறுநாள் காலை எல்லாக் கல்லூரிகளுக்கும் உத்தரவு வந்தது: வகுப்புக்கு வராதவர்களின் பட்டியல் மதியத்துக்குள் காவல் நிலையத்துக்கு வர வேண்டும்.

அந்தக் கல்லூரியின் வேதியியல் ஆசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஆசிட். இரண்டு நிமிடம் பிந்தி வந்தால் வாசலிலேயே நிறுத்திக் காய்ச்சி எடுப்பார். ஊர்வலம், கோஷம் எதுவும் அவருக்கு ஆகாது. "மொதல்ல குடுவையைக் கழுவக் கத்துக்கங்க, அப்புறம் நாட்டைத் திருத்தலாம்" என்பார்.

ஆனால் திங்கள் மாலை அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவருடைய வகுப்பின் முப்பத்தொன்றாம் எண் மாணவி, அதட்டினாலே கண் கலங்கிவிடுகிறவள், தாடை உடைந்து கிடந்தாள். "தண்ணி பாட்டில் குடுக்கத்தாங்க போனா" என்றாள் அவளுடைய அம்மா. அழவில்லை. குரலில் கோபம்தான் இருந்தது. அந்தக் கோபம் ஆசிட்டுக்கும் தொற்றிக்கொண்டது.

செவ்வாய் காலை உத்தரவு வந்ததிலிருந்து பிரின்சிபால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நமக்கு எதுக்கு மேடம் ஊர் வம்பு? கேட்டதைக் குடுத்துட்டு நிம்மதியா இருப்போம்."

"நிம்மதியா? புள்ளைங்களைப் பிடிச்சுக் குடுத்துட்டா?"

ஆசிட் ஆசிரியர் அறைக்கு வந்து வருகைப் பதிவேட்டைத் திறந்தார். திங்களன்று நாற்பத்திரண்டு பேரில் நாலு பேர்தான் வந்திருந்தார்கள். இன்று அந்த நாலு பேரும் இல்லை. இரண்டு நாளுக்கும் நாற்பத்திரண்டு பேருக்கும் 'வருகை' போட்டார். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த இயற்பியல்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் பதிவேட்டை இழுத்தார்.

"உங்க பேனாவைக் குடுங்க மேடம். என்னோடது சிவப்பு."

அவரிடமிருந்து பேனா கணக்கு டீச்சரிடம் போனது.

இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டரே ஆசிட்டின் வகுப்புக்கு வந்துவிட்டார். பதிவேட்டைப் புரட்டியவர், காலி வகுப்பைப் பார்த்தார்.

"எல்லாரும் வந்திருக்காங்களா? எனக்கே காது குத்துறீங்களா?"

"பதிவேட்டுல இருக்கறதுதான் எனக்குத் தெரியும்" என்றார் ஆசிட்.

"அப்படியா? நானே கூப்பிடறேன். ஒண்ணு!"

வாசலில் இருந்து கணீரென்று ஒரு குரல். "உள்ளேன் ஐயா!" இயற்பியல்காரர்.

"யாருய்யா அது? ரெண்டு!"

"உள்ளேன் ஐயா!" கணக்கு டீச்சர்.

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது. ஏட்டைத் தாறுமாறாகப் புரட்டி விரலை ஊன்றினார். "இந்த முப்பத்தொண்ணு எங்க? அதைச் சொல்லு!"

ஆசிட்டின் குரல் உடைந்து வெடித்தது. "அவளால வாயைத் திறக்க முடியாதுய்யா! உங்க ஆளுங்க தாடையை உடைச்சிட்டாங்க! அவளுக்கும் சேர்த்து நான் சொல்றேன். உள்ளேன்! போதுமா? உள்ளேன்!"

இன்ஸ்பெக்டர் வீசிய பதிவேடு சுவரில் மோதி விழுந்தது. நாலு மணிக்கு மூன்று பேருக்கும் பணிநீக்க உத்தரவு கையில் வந்தது.

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஆசிட்டின் கணவர் போனில் கத்தினார். "உனக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க ஆபீஸ்லயும் வராதவங்க லிஸ்ட்டை என்கிட்ட கேக்கறாங்க."

"குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"குடுத்தா வீட்டுப் பக்கம் வந்துறாதீங்க."

அவர் கொடுக்கவில்லை. புதன்கிழமை நகரத்தின் பதினோரு கல்லூரிகளில் பதிவேட்டுப்படி ஒரு மாணவர்கூட விடுப்பில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகங்களும் அப்படியே எழுதின. யாரைப் பிடிப்பதென்று தெரியாமல் போலீஸ் முழித்தது. ஆசிரியர்களும் வக்கீல்களும் நர்சுகளும் போய்ப் பாலத்தில் உட்கார்ந்தார்கள். அடி விழுந்தது. மறுபடி உட்கார்ந்தார்கள். ஏழாவது வாரம் வேறு வழியில்லாமல் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. பணிநீக்கமும் ரத்தானது.

ஆசிட் வேலைக்குத் திரும்பிய அன்று பிரின்சிபால் வாசலுக்கே வந்து வரவேற்றார். தன் அறையில் உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

"எப்படியோ மேடம், நாம ஜெயிச்சிட்டோம்."

"நாம இல்ல சார்," என்றார் ஆசிட். "நாங்க."

டீயைத் தொடாமல் எழுந்து வகுப்புக்குப் போனார்.