பிலோமி படத்தில் என் முழங்கை

படத்தில் சிரிப்பவள் பிலோமி. இடது ஓரத்தில் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு முழங்கை தெரியும். அது நான். ஸ்வெட்டரில் இருந்த கிழிசல்கூட விழுந்திருக்கிறது, முகம்தான் விழவில்லை.

எழுபத்தொன்பதாம் வருடம் எடுத்தது. பக்கத்து டவுன் தானா ராத்தாவில் ஸ்டூடியோ வைத்திருந்த ஹரோல்ட், மோட்டாரில் போனவன், எங்களைக் கண்டதும் நிறுத்தினான். நானும் பிலோமியும் கொழுந்து நிறுப்பதற்காகக் கூடையோடு தேயிலைத் தோட்டத்து ஓரமாக நின்றிருந்தோம். அவன் கேமராவைத் தூக்கியதுமே நான் முக்காட்டைச் சரிசெய்தேன், மூக்குத்தியைத் திருகி நேராக்கினேன். பிலோமி ஒன்றுமே செய்யவில்லை. தராசுக்குப் பின்னால் கங்காணி கருப்பையா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். "வாய மூடுங்க கங்காணி, சாக்குன்னு நெனச்சு கொழுந்தக் கொட்டிறப் போறோம்" என்றேன். பிலோமி அண்ணாந்து சிரித்தாள். அந்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டான்.

பேச்சு என்னுடையது, படம் அவளுடையது. இது எந்த ஊர் நியாயம்?

இரண்டு மாதத்தில் அந்தப் படம் அஞ்சலட்டையாகி தானா ராத்தா கடைகளில் தொங்கியது. துரையின் சம்சாரம் ஒன்றை லண்டனுக்கு அனுப்பினாராம். கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த வெள்ளைக்காரர்கள் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் லைன் வீடுகள் வரை தேடி வந்தார்கள். பிலோமி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நிற்பாள். நான் பக்கத்து வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். பொறாமையா என்றால் பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது? மூக்கு எனக்குத்தான் எடுப்பு, லைனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதில் என் வீட்டுக்காரர் வேறு. தோட்டத்து லோரி ஓட்டுகிறவர் ஆண்டியப்பன். அவரும் ஒரு அட்டையை வாங்கி வந்து எங்கள் வீட்டுச் சுவரிலேயே ஒட்டினார்.

"பிலோமி எப்படி விழுந்திருக்கா பாத்தியா லா! சினிமாக்காரி தோத்தா."

"பக்கத்துல யாரு தெரியுதா?" என்று கேட்டேன்.

குனிந்து உற்றுப் பார்த்தார். "யாரோட கையோ."

பத்து வருடமாக அந்தக் கை சமைத்ததைச் சாப்பிட்டவர் சொல்கிறார். அன்றைக்கே முடிவு செய்தேன், அந்த அட்டை எந்தக் கடையிலும் தொங்கக் கூடாது என்று.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சிவலிங்கம் சட்டம் தெரிந்தவர் என்று பேர். அவரிடம் போய், பொம்பளைகளைக் கேட்காமல் படம் பிடிக்கலாமா என்று விசாரித்தேன்.

"ரோட்டுல நின்னு எடுத்தா யாரும் ஒன்னும் கேக்க முடியாது ருக்குமணி. பொது ரோடு, எல்லாருக்கும் கண்ணு இருக்கு, அவனுக்குக் கேமரா இருக்கு. லோங்காங்கத் தாண்டி தோட்டத்துக்குள்ள கால் வெச்சு எடுத்தாத்தான் துரைகிட்ட அனுமதி வாங்கணும்" என்றார்.

சாலைக்கும் தேயிலைக்கும் நடுவே ஓடுகிற அந்த வாய்க்கால் ஒன்றரை அடி அகலம். ஒரு எட்டு வைத்தால் போதும். ஹரோல்டை அந்த எட்டை வைக்கச் செய்வது எனக்கு ஒரு பெரிய பொய்யாகவே தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுவரில் இருந்த அட்டையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேசனுக்குப் போனேன். சார்ஜன் மூர்த்தி நம்ம ஆள். பிலோமி வாயில்லாப் பூச்சி, அவளுக்காக நான் பேச வந்திருக்கிறேன், அவன் தோட்டத்துக்குள் புகுந்து எடுத்தான் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் ஆள் அனுப்பி ஹரோல்டை வரவழைத்தார். பாவம், சாப்பாட்டில் இருந்து எழுந்து வந்தவன் கையைக்கூட நன்றாகத் துடைக்கவில்லை.

மூர்த்தி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திருப்பினார்.

"இங்க பாருங்க. கீழ தார் ரோடு. அப்புறம் லோங்காங். அதுக்கு அந்தப் பக்கம் இந்தம்மா. அப்ப இவரு ரோட்டுலதானே நின்னுருக்காரு? எடுக்கலாம் லா, தப்பே இல்ல."

சாட்சியை நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அது சரி, இதுல நீங்க எங்க?" என்று கேட்டார்.

விரலை வைத்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

ஹரோல்ட்தான் பேசினான். "அக்கா, சட்டப்படி நான் எதுவும் செய்ய வேண்டியதில்ல. ஆனா உங்களுக்குப் பிடிக்கலன்னா எனக்கு எதுக்கு? பிலோமி அக்காகிட்ட அன்னிக்கே கேட்டேன், போடுன்னுட்டாங்க. உங்களத்தான் கேக்கல, தப்புதான். அடுத்த பிரிண்டுல அந்தக் கைய வெட்டிடறேன்."

வேண்டாம் தம்பி, இன்னொரு தடவை வந்து என் முகத்தையும் எடு என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் பிலோமிக்காகப் புகார் சொல்ல வந்தவள் அதை எப்படிக் கேட்பாள்?

"வெட்டிடு" என்றேன்.

தீபாவளி கழிந்து புது அட்டை வந்தது. அதை எடுத்துக்கொண்டு பிலோமி என் வீட்டுக்கு ஓடி வந்தாள். கோபத்தில் மூச்சு வாங்கியது.

"ருக்கு, உன் கையக் காணோம்டி! வர்றவங்ககிட்ட எல்லாம் இந்தக் கையக் காட்டித்தானே சொல்லுவேன், இவதான் என்னைச் சிரிக்க வெச்சான்னு. இப்ப பாரு, நான் மட்டும் பைத்தியக்காரி மாதிரி தனியாச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

வெள்ளைக்காரர்களிடம் அவள் விரலை வைத்து எதையோ காட்டுவதைக் கதவுக்குப் பின்னால் இருந்து எத்தனை தடவை பார்த்திருப்பேன். தன் முகத்தைத்தான் காட்டிப் பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

"ஒரு ஆளக் கேக்காம எப்படி வெட்டலாம்? வா, ஸ்டேசனுக்குப் போலாம். யாரு வெட்டச் சொன்னாங்கன்னு சார்ஜன் கேக்கட்டும்."

பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எனக்காக.

"தலை வலிக்குது, நான் வரல" என்றேன்.

"நீ படு. நான் பேசிட்டு வந்துர்றேன்."

அட்டையை மடங்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சாலைக்கு இறங்கினாள். தானா ராத்தா பஸ் வளைவில் வந்துகொண்டிருந்தது. பிலோமி, நில்லு என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் திரும்பி வந்திருப்பாள். நான் கூப்பிடவில்லை. அவள் கை காட்டினாள், பஸ் நின்றது.