வெள்ளை முகத்துக்கு இரவல் குரல்

வெளிநாட்டுத் தொடர் ஒன்றின் கதாநாயகிக்கு மூன்று வருடமாக அவள்தான் டப்பிங் குரல். பால் வெள்ளை முகமும் கூரான தாடையுமாகத் திரையில் அந்தப் பெண் வாயசைப்பாள். இவள் மைக் முன்னால் நின்று அவளுக்காக அழுவாள், கொஞ்சுவாள், சண்டை பிடிப்பாள்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், மகள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் க்ரீம். கன்னம் இரண்டையும் பிளாஸ்திரி போட்டுப் பின்னால் இழுத்து ஒட்டியிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

"என்னடி கோலம் இது? யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

"நீதாம்மா."

"நானா?"

மகள் போனைத் தட்டினாள். தொடரின் ஒரு காட்சி ஓடியது. "கறுத்துப் போயிட்டேன்... இந்த மூஞ்சிய இனி யாரு பார்ப்பா?" அச்சு அசல் அம்மாவின் குரல். விக்கல்கூட அவளுடையதுதான்.

"அது நான் இல்லடி, அந்தப் பொண்ணு" என்று ஆரம்பித்தவளுக்குப் பாதியிலேயே உறைத்தது. மகளைத் தாலாட்டித் தூங்க வைத்ததும் இதே குரல்தானே.

மறுநாள் ஸ்டூடியோவில் வசனகர்த்தாவைப் பிடித்தாள்.

"சார், அந்தப் பொண்ணு அவங்க மொழியில நிஜமாவே கறுத்துட்டேன்னா சொல்றா?"

அவர் தலையைச் சொறிந்தார். "இல்லம்மா. வெயில்ல அலைஞ்சு களைச்சுட்டேன், யாரையும் பார்க்கப் பிடிக்கலைங்கறா. அதுல என்ன இருக்கு? நம்ம ஜனங்களுக்கு மனசுல தைக்கணும்ல, அதான் கொஞ்சம் மாத்தினேன்."

அவள் ராத்திரி முழுக்க அந்த வெளிநாட்டுக்காரர்களை அல்லவா திட்டித் தீர்த்தாள்!

"இனிமே அப்படி எழுதினா நான் பேச மாட்டேன் சார்."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சிரித்தார் அவர். சரி என்கிறாரா, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாரா, பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் நடந்ததைச் சொன்னாள். மகள் தட்டை இழுத்து வைத்து இரண்டு வாய் சாப்பிட்டாள். அப்புறம் கை நின்றது.

"அப்போ அந்தப் பொண்ணுக்குக் கலரைப் பத்திக் கவலையே இல்லையா?"

"இல்லடி."

"பின்ன எதுக்கும்மா தூங்கி எழுந்திரிக்கிற சீன்லகூட அவ்ளோ பவுடர்?"

மூன்று வருடம் உதட்டசைவை மட்டுமே பார்த்துப் பேசியவள் அவள். அந்த முகத்தில் எது தோல், எது பூச்சு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"தெரியலைடி" என்றாள். "நீ சாப்பிடு."

மகள் சாப்பிடவும் இல்லை, தட்டைத் தள்ளவும் இல்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.