வராத நாட்களைக் கரைத்து ஊற்றியது

எங்கள் தெருவில் வீட்டுக்கு இன்னோர் அறை வேண்டுமென்றால் குச்சி வெட்டி நட்டு வளர்த்துக்கொள்வோம். கொத்தனாரைக் கூப்பிடுவது பக்கத்துத் தெரு வழக்கம். நன்றாக இருக்கும் ஓர் அறையின் நிலைச் சட்டத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும். ரொம்ப இளசும் கூடாது, முற்றலும் கூடாது. வெட்டிய முனையில் கற்றாழைச் சாறு தடவி, தென்னை நார்க்கழிவும் செம்மண்ணும் கலந்த பையில் ஊன்றி நிழலில் வைத்தால் இருபது நாளில் வேர் விடும். முதலில் சுவிட்ச் போர்டு துளிர்க்கும். அது வாடாமல் நின்றால் குச்சி பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

எனக்கு அறை தேவைப்பட்டது என் மகளுக்காக. பெயர் மீனலோசனி, வீட்டில் லோசனி. போன வருடம் ஆனி மாதம், கூட வேலை பார்த்த பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு நேராக வீட்டுக்கு வந்து நின்றாள். பையன் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவன் ஊர், ஆட்கள் எதையும் நான் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் கையெழுத்துப் போட்ட ஆனி ஆறு கரிநாள். தினசரி காலண்டரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. முப்பத்தாறு வருடம் தபால் அலுவலகத்தில் தேதி முத்திரை குத்தியவன் நான். காலையில் முத்திரையின் தேதியைத் திருப்பி, வெள்ளைத் தாளில் ஒருமுறை குத்திப் பார்த்த பிறகுதான் எனக்கு மற்ற வேலை. அப்படிப்பட்டவன் மகள் காலண்டரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. வந்த கோபத்தில், "இந்த வீட்டுல உனக்கு இடம் கிடையாது" என்று சொல்லிவிட்டேன். அவள் செருப்பைக் கழற்றியிருக்கவில்லை. அப்படியே திரும்பிப் போனாள்.

ஒரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. இந்த ஆனியில் என் மனைவி செண்பகவல்லிக்குப் போன் வந்தது. லோசனிக்கு நான்காம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும். செண்பகவல்லி போனை வைத்துவிட்டு, நான் இருக்கும் பக்கம் பார்க்காமல் சுவரிடம் சொன்னாள்.

"புரட்டாசி ஒண்ணாம் தேதி வாராளாம். இடம் இருந்தா மட்டும் வாரேங்கா. இல்லன்னா நாகர்கோவில்லயே மாமியா வீட்டுல பாத்துக்கிடுவாளாம்."

"இடம்னா?"

"நீங்கதான கிடையாதுன்னு சொன்னிய. அதத்தான் கேக்கா."

எங்கள் வீட்டில் இருப்பது ஓர் அறை, ஒரு கூடம், ஓர் அடுக்களை. நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதை அளந்து பார்த்தபோது தெரிந்துகொண்டேன். உண்மையிலேயே இடம் இல்லை. மறுநாள் காலை எதிர்வீட்டு ரோஸ்லின் டீச்சரிடம் போய் ஒரு குச்சி கேட்டேன். டீச்சர் தன் மாடியில் தையல் மிஷினுக்கு ஓர் அறையும், அதில் கிளைத்த ஒரு சிறு குளியலறையும் வளர்த்து வைத்திருக்கிறார். அவர் வீட்டு அறைகள் நல்ல ரகம். மழைக்கு ஒழுகாது, வெயிலுக்கு வெடிக்காது.

குச்சியோடு வளர்க்கும் முறையையும் சொல்லித் தந்தார். மக்கிய உரத்தை அப்படியே அள்ளிப் போட்டால் இளங்குச்சியின் வேர் வெந்துபோகும். பழைய வேட்டித் துணியில் இரண்டு கை உரத்தை முடிந்து, ஒரு பக்கெட் தண்ணீரில் தொங்கவிட்டு, ஒரு கட்டி நாட்டு வெல்லத்தைக் கரைத்து, மீன் தொட்டி மோட்டாரால் ஒரு நாள் முழுக்கக் காற்று ஊத வேண்டும். மேலே நுரை கட்டி மழை மண் வாசனை வந்தால் உரத்தண்ணீர் தயார். நாற்றம் அடித்தால் கொட்டிவிட வேண்டியதுதான். செடிக்கு ஒன்றுக்குப் பத்து தண்ணீர், குச்சிக்கு ஒன்றுக்கு இருபது. வெளுத்த கடுங்காப்பி நிறத்தில் இருக்க வேண்டும்.

"உரம் உங்க வீட்டுக் கழிவுலதான் செய்யணும், அண்ணாச்சி. ஈரக் கழிவு ஒரு பங்குன்னா காய்ஞ்சது ரெண்டு பங்கு போடணும். சருகு போடுங்க. அச்சடிச்ச தாளு மட்டும் வேண்டாம்" என்றார் டீச்சர்.

எங்கள் வீட்டில் மரம் இல்லை. மரம் இல்லாத வீட்டில் சருகுக்கு எங்கே போவது? ஆனால் போன வருடம் முழுக்க நான் கிழித்த காலண்டர் தாள்கள் இருந்தன. நாள் முடிந்த தாளை நான் எறிவதில்லை. மாதம் மாதமாக ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். நன்றாகக் காய்ந்த தாள்கள். அச்சடித்த தாள் என்று டீச்சர் சொன்னது செய்தித்தாளைத்தான் என்று எனக்கு நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். முந்நூற்று அறுபத்தைந்தையும் கிழித்து, காய்கறித் தோலோடும் டீத்தூளோடும் வாழைப்பழத் தோலோடும் தொட்டியில் போட்டுக் கிளறினேன். பழசு முழுவதும் மக்கிவிட்டது.

அறை நன்றாக வந்தது. ஆடி கடைசியில் பையைக் கிழித்து மாடியின் கிழக்கு மூலையில் மாற்றி நட்டேன். ஆவணி பிறந்தபோது நான்கு சுவரும் ஒரு ஜன்னலும் விட்டிருந்தது. வாரம் ஒருமுறை உரத்தண்ணீர் ஊற்றினேன், ஜன்னல் மேலும் கொஞ்சம் தெளித்தேன். செண்பகவல்லி மாடிக்கு வந்து அறையை முழம் போட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். கட்டில் போட ஏழு முழம் வேண்டும் என்பது அவள் கணக்கு.

ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அறைக் கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே வெள்ளிக்கிழமை. சாம்பிராணி வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். பன்னிரண்டு அடித்ததும் கதவு தானாகத் திறந்துகொண்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாள் நேரம் தெரிந்த அறை. இன்னொரு நாள் உள்ளே போன தீபாவளி நடந்துகொண்டிருந்தது. கண்ணை எரிக்கும் வெடிப் புகை. இன்னொரு நாள் ஐப்பசி மழை. குடை எடுத்துக்கொண்டு போய்த்தான் உரத்தண்ணீர் ஊற்றினேன்.

ஆவணி இருபத்தாறாம் தேதி வாளியோடு உள்ளே காலை வைத்தேன். உள்ளே போன வருடத்து ஆனி ஆறு.

என் வாய் தானாகத் திறந்தது. "இந்த வீட்டுல உனக்கு இடம் கிடையாது" என்று சத்தமாகச் சொன்னேன். எதிரே வெறும் சுவர்தான். ஆனாலும் ஓர் எழுத்து குறையாமல், அதே குரலில் சொன்னேன். சொன்னதும் அறை ஒரு சாண் சுருங்கியது. மேல்தளம் வெயிலில் வாடிய இலை மாதிரி தொங்கியது. வெளியே வந்தேன். வெட்கமாக இருந்தது. இப்படியா சொன்னேன் அந்தப் பிள்ளையிடம், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற பிள்ளையிடம், என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்தடுத்த நாளும் உள்ளே அதே ஆனி ஆறுதான். மற்ற நாட்கள் கரைந்து போய்விட்டன, அது மட்டும் அடியில் தங்கிவிட்டது. நான் உள்ளே போகவில்லை. ஆனாலும் அறை தினமும் ஒரு சாண் குறைந்தது. ஏழு முழம் ஐந்து முழமானது. டீச்சரைக் கூட்டி வந்தேன். அவர் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"காய்ஞ்சது என்னத்தப் போட்டிய?"

"காலண்டர் தாள்."

"எந்த வருசத்து?"

"போன வருசத்து."

"பழைய நாளப் போட்டா பழைய நாளுதான் மொளைக்கும், அண்ணாச்சி. மூணு நாளைக்கு வெறும் தண்ணி விட்டு வேரக் கழுவுங்க. அப்புறம் ஒண்ணுமே நடக்காத நாளாப் பாத்துப் போடுங்க."

பக்கத்தில் நின்ற செண்பகவல்லி மூன்று மாதத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம்" என்றாள்.

மூன்று நாள் வெறும் தண்ணீர் விட்டேன். சுருங்குவது நின்றது, ஆனால் அறை நிமிரவில்லை. ஒன்றுமே நடக்காத நாளுக்கு எங்கே போவது என்று யோசித்தேன். நடந்து முடிந்த நாட்களில் அப்படி ஒன்று எனக்குத் தென்படவில்லை. ஆவணி கடைசி நாள் கூடத்துக்குப் போய், சுவரில் தொங்கிய இந்த வருடத்துக் காலண்டரைக் கழற்றினேன்.

நான் வாழ்நாளில் ஒரு தாளைக்கூட முன்னதாகக் கிழித்ததில்லை. மறுநாள் தாளை மட்டும் விட்டுவிட்டேன், அது அவள் வருகிற நாள். புரட்டாசி இரண்டிலிருந்து டிசம்பர் முப்பத்தொன்று வரைக்கும் நூற்றைந்து தாள். மொத்தமாகப் பிடித்துக் கிழித்தேன். உள்ளே எத்தனை கரிநாள், எத்தனை முகூர்த்த நாள் என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கை வந்திருக்காது.

செண்பகவல்லி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "வராத நாளக் கிழிச்சுட்டியளா? உங்களுக்கென்ன கிறுக்கா?"

"லோசனிக்குத்தான்" என்றேன்.

அவள் தாள்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் வெல்லக் கட்டியை எடுத்து வந்தாள். ஒன்றுக்கு இரண்டாகப் பக்கெட்டில் போட்டாள்.

மக்குவதற்கு அவகாசம் இல்லை. தாள்களைத் துணுக்குத் துணுக்காகக் கிழித்து, பழைய தாள் கலக்காத புதுத் தொட்டியிலிருந்து இரண்டு கை உரத்தோடு துணியில் முடிந்து தொங்கவிட்டு மோட்டாரைப் போட்டேன். மறுநாள் காலை பக்கெட் நிறைய வெள்ளை நுரை. முகர்ந்து பார்த்தேன். எந்த நாளின் வாசனையும் இல்லை. ஒன்றுக்கு இருபது கலந்து, ஒவ்வொரு குவளையாக அறையைச் சுற்றி ஊற்றினேன். மீதியைச் சுவரில் தெளித்தேன். மத்தியானத்துக்குள் மேல்தளம் நிமிர்ந்தது. மூன்று மணிக்கு மேற்கே இன்னொரு ஜன்னல் விட்டது. செண்பகவல்லி முழம் போட்டாள். எட்டு முழம். பயந்துகொண்டே உள்ளே காலை வைத்தேன். என் வாய் திறக்கவில்லை. சுவர்கள் வெள்ளையாக இருந்தன. உள்ளே என்ன கிழமை என்றே தெரியவில்லை.

சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. லோசனி ஏழு மாத வயிற்றோடு இறங்கினாள். பின்னால் மாப்பிள்ளை பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"இடம் இருக்காப்பா?"

"மாடியில இருக்கும்மா" என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றினாள். ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள், சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "கொஞ்ச நேரம் படுக்கேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். செண்பகவல்லி காப்பி போட்டு எடுத்து வந்தாள். நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே நின்றோம்.

காப்பி ஆறுவதற்குள் கதவு திறந்தது. லோசனி மெலிந்திருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். தோளில் ஒரு குழந்தை.

"சத்தம் போடாதிய. இப்பத்தான் தூங்குனான்" என்றாள்.

செண்பகவல்லி காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். "என்னிக்குப் பொறந்தான்டி? நாள் எப்படி?"

"தெரியலம்மா. உள்ள எல்லா நாளும் வெள்ளையாத்தான் இருந்துச்சு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கீழே கூடத்தில் காலண்டர் அட்டையில் அன்றைய தாள் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதற்குப் பின்னால் வெறும் அட்டை.

"நல்ல நாள்தான்" என்றேன். பிறகு கையை நீட்டினேன். லோசனி குழந்தையை என்னிடம் கொடுத்தாள். கனமாக இருந்தான்.

ஆட்டோவை அனுப்பிவிட்டு மாப்பிள்ளை பெட்டியோடு மாடி ஏறி வந்தார். என்னிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியளா மாமா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

பக்கெட்டில் கொஞ்சம் உரத்தண்ணீர் மிச்சம் இருந்தது. வைத்திருந்தால் கெட்டுவிடும். அறையின் பின்பக்கம் போனேன். அடிக்கணுவில் முழங்கால் உயரத்தில் ஒரு கதவு துளிர்த்திருந்தது. தாழ்ப்பாள் இன்னும் இளசு. அதற்கும் ஒரு குவளை ஊற்றினேன். பிள்ளை நடக்கத் தொடங்கும்போது சரியாக இருக்கும்.