பூட்டுக்காரர் விட்ட இடுக்கு

அந்தத் தெருவில் அவரைப் பூட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கணினி பழுது பார்ப்பவர்தான்; ஆனால் பிள்ளைகள் பார்க்கக் கூடாத இணையதளங்களை அடைத்துத் தருவதில் கைதேர்ந்தவர். ஒரு வீட்டின் போன், டேப், லேப்டாப் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கோத்துவிடுவார். கடையில் உட்கார்ந்தபடி ஒரு தட்டுத் தட்டினால் அத்தனையிலும் அந்தத் தளம் அடைபட்டுவிடும். பெற்றவர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அவருக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

அந்தத் தலைக்கனத்தில் செய்த வேலை ஒன்று உண்டு. அடைத்த பக்கத்தை யாராவது திறந்தால் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் தெரியும். கீழே, 'இந்தப் பக்கம் வேண்டுமா? எங்களுக்கு எழுதுங்கள்' என்று ஒரு சின்னப் பெட்டி. எழுதினால் நேராகக் கடைத் திரைக்கு வந்துவிடும்; இவர் பதில் போட்டால் அதே பெட்டியில் தெரியும். பெரும்பாலும் பிள்ளைகள்தான் எழுதுவார்கள். கெஞ்சல், மிரட்டல், ஒரு தடவை கெட்ட வார்த்தை. அதை வாடிக்கையாளர்களுக்குக் காட்டிச் சிரிப்பதற்கென்றே பெரிய திரை ஒன்றை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். தன் கடையில் ஒளிவுமறைவே கிடையாது என்று பீற்றல் வேறு.

வாடிக்கையாளர்களில் ஒருவரான மருந்து கம்பெனிக்காரர் முதலில் வந்து கேட்டது நியாயமானதுதான்: மகளின் விளையாட்டுத் தளங்கள். பிறகு மனைவியின் போனும் கணக்கில் சேர்ந்தது. சினிமாத் தளங்கள் அடைபட்டன. அடுத்து வேலை தேடும் தளங்கள்.

"வீட்ல இருக்கறவங்களுக்கு அதெல்லாம் எதுக்குங்க? மனசுதான் கெட்டுப்போகும்," என்றார் அவர். அதிர்ந்து பேசாத மனிதர்.

அதற்கடுத்த முறை மின்னஞ்சலும் அரட்டைத் தளங்களும். "அவ போன்ல சிம்மையும் கழட்டிட்டேன், எதுக்கு வீண் தொல்லை," என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பூட்டுக்காரருக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் அடுத்தவர் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டார். வாய் நிறைய ஊர்க்கதை பேசுகிற ஆளுக்கு அன்றைக்குப் பார்த்து அடக்கம் வந்துவிட்டது.

இன்று காலை கடை திறந்ததும் மருந்து கம்பெனிக்காரர் வந்து எதிரே உட்கார்ந்தார். "பஸ் டிக்கெட் போடற தளங்க இருக்குல்ல, அதையும் அடைச்சிடுங்க."

பூட்டுக்காரர் தட்டினார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, பெரிய திரையில் எழுத்துகள் வந்து விழுந்தன.

'அண்ணா, டிக்கெட் போட்டுட்டிருக்கேன், பாதியில மூடிடுச்சு. கொஞ்சம் திறந்து விடுங்க. இன்னிக்கு ஸ்கூல் லீவு. நாளைக்குப் பாப்பாவ ஸ்கூல்ல விட மட்டும்தான் என்னை வெளிய விடுவாரு, அப்படியே எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவோம். அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா உயிரோட விட மாட்டாரு.'

பூட்டுக்காரர் எக்கித் திரையைத் திருப்பப் பார்த்தார். அவர் கை போவதற்குள் எதிரே இருந்தவர் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்திருந்தார்.

"இப்படி ஒரு பெட்டி இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சே. இதையும் மூடிடுங்க," என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

சொன்னதைச் செய்தே பழகிய விரல், பூட்டுக்காரர் யோசிப்பதற்குள் பெட்டியை மூடிவிட்டது. வந்தவர் நாற்காலியை இருந்த இடத்தில் ஒழுங்காக இழுத்துப் போட்டார், நன்றி சொன்னார், போய்க் காரில் ஏறினார்.

பூட்டுக்காரர் கார் கிளம்பும்வரைகூடக் காத்திருக்கவில்லை. பெட்டியைத் திரும்பத் திறந்தார். ஒரு கையால் போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டே மறு கையால் தட்டினார். 'அவர் படிச்சிட்டாரும்மா. அங்கதான் வர்றாரு. பாப்பாவத் தூக்கிட்டு இப்பவே வெளிய போயிடுங்க.'

உடனே பதில் வந்தது. 'எப்பவும் வெளிப்பக்கம் பூட்டிட்டுத்தான் போவாரு அண்ணா.'

கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினார். வீடு தெரியும், அங்கே இணைய இணைப்பு கொடுத்ததே அவர்தான். மூச்சு வாங்கப் போனில் முகவரியைச் சொன்னார். முன்னால், தெருமுனையில் அந்தக் கார் திரும்பி மறைந்தது.

"வண்டி அனுப்பறோம்," என்றது போனில் குரல். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"அவங்களப் பூட்டி வச்சது ரெண்டு பேருங்க," என்றார் ஓடிக்கொண்டே. "அதுல நான் ஒருத்தன். சீக்கிரம் வாங்க."