ஒன்றரை நிமிடத் தொட்டி

குவான்-லினின் ஸ்லைடைக் கம்பியில் மாட்டி, காஸ்டிக் சோடாத் தொட்டிக்குள் இறக்கிய அதே நொடியில் என் இடுப்பிலிருந்த போன் அலறியது. அந்த அலறல் நிலநடுக்கத்துக்கு மட்டும்தான். கரண்ட்டை அணைத்தேன். எரிவாயுவை மூடினேன். என் வீட்டுக்காரர் வென்-ஹோவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பட்டறை வாசலைத் தாண்டும்போதே தரை படகு மாதிரி ஆடத் தொடங்கிவிட்டது.

பிளாஸ்டிக் குண்டு சுடுகிற விளையாட்டுத் துப்பாக்கிக்கு மேல்பாகம் செய்வது எங்கள் பிழைப்பு. அதைத்தான் ஸ்லைடு என்பார்கள். கடையில் விற்பதெல்லாம் ஒரே அச்சு. போட்டிக்குப் போகிறவர்களுக்கு அது போதாது. அலுமினியக் கட்டியை அவரவர் கேட்டபடி வென்-ஹோ குடைவார். பிசிறு எடுத்து, மெருகேற்றி, சாயம் ஏற்றுவது நான். இருபத்திரண்டு வருஷம். மில்லிங் மிஷின் ஓடுகிற இரைச்சலில் வாயைத் திறந்து பிரயோஜனமில்லை, கையால்தான் பேச்சு. உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. இரண்டு விரலைக் கொக்கியாக வளைத்து மேலே இழுத்தால், நேரமாகிவிட்டது, தூக்கு.

போன வருஷம் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் பேச்சும் போயின. அதற்கு முந்தின வாரம் அவர் குடைந்த கடைசி ஸ்லைடுதான் எங்கள் பழைய வாடிக்கைக்காரன் குவான்-லினுடையது. இரண்டு பக்கமும் பிளம் பூ வடிவில் துளைகள், ஒரு பக்கத்துக்கு ஐந்து. "அண்ணி, அடுத்த மாசம் ஜப்பான்ல போட்டி. அண்ணன் கை பட்டதோடதான் போவேன். கறுப்பு அலுத்துப்போச்சு, தங்கக் கலர் ஏத்திக் குடுங்க" என்று கொண்டுவந்து கொடுத்தான். வென்-ஹோ அதை இரண்டு நாள் மடியைவிட்டு இறக்கவில்லை. துளைகளுக்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். வேலைக்கு வேண்டும் என்று கெஞ்சித்தான் வாங்கினேன்.

பழைய சாயத்தைக் காஸ்டிக்கில் கரைத்தால்தான் புதியது ஏறும். கொதிக்கக் கொதிக்க ஒன்றரை நிமிடம், அவ்வளவுதான். சாயம் தீர்ந்துவிட்டால் காஸ்டிக் அலுமினியத்தையே தின்ன ஆரம்பித்துவிடும்.

வெளியே தெருவே வயல் வரப்பில் நின்றது. சந்து முனையில் எரிவாயுக் குழாய் விரிசல், சரிபார்க்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்று தீயணைப்புக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பக்கத்து ஸ்க்ரூ பட்டறை ஆ-கின் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏண்டி பீ-யுன், புருஷனத் தள்ளிட்டு வந்த வேகத்தப் பாத்தா உனக்கே ஒரு மெடல் குடுக்கலாம்டி!"

எனக்கும் பெருமைதான். எதையும் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வென்-ஹோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இடது கையின் இரண்டு விரலை வளைத்து மேலே தூக்கிக் காட்டினார். கால்சட்டை நழுவுகிறது, ஒண்ணுக்கு வருகிறது போல என்று வாழை மரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனேன். ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்ததும் மறுபடியும் அதே விரல். மறுபடியும் கூட்டிப்போனேன்.

"பயத்துல அப்படித்தாண்டி வரும், வையாத" என்றாள் ஆ-கின்.

மூன்றாவது முறை எனக்குப் பொறுக்கவில்லை. "சும்மா இருங்க! ஊரே பாக்குது, மானம் போகுது" என்று கத்திவிட்டு, ஆ-கினிடம் ஒரு சிவப்புக் கயிற்றை வாங்கி, கால்சட்டை நழுவாதபடி அவர் இடுப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டேன். அவர் கண்ணில் நீர் வழிந்தது. வெட்கம் என்று நினைத்தேன், பாவி.

ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விட்டார்கள். பட்டறைக்குள் நுழைந்ததும் நெடி மூக்கில் ஏறியது. தொட்டியில் நுரை. அப்போதுதான் ஸ்லைடு ஞாபகம் வந்தது.

கம்பியைத் தூக்கினேன். கனமே இல்லை. ஓரங்கள் காணாமல் போய், சுவர்கள் தகடாக மெலிந்து, பிளம் பூக்கள் ஒன்றோடொன்று கலந்து கந்தலாகத் தொங்கின. தண்ணீரில் அலசும்போது ஒரு மூலை என் கையோடு வந்துவிட்டது. "ஐயையோ" என்று அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

பிறகுதான் திரும்பினேன். வாசலில் நாற்காலியில் வென்-ஹோ. இடது கை மடியில். இரண்டு விரல் இன்னும் வளைந்தபடியே இருந்தது.

நேரமாகிவிட்டது, தூக்கு. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை பார்த்த சைகை. ஒன்றரை மணி நேரமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன். நான் அவரை மரத்துக்குப் பின்னால் கூட்டிப்போயிருக்கிறேன்.

"ஏங்க... நீங்க அப்பவே சொன்னீங்களா?"

அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். எடை பார்ப்பதுபோல இரண்டு தடவை ஏந்திப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டார். என்னை வைதிருந்தால் தேவலை.

போன் அடித்தது. குவான்-லின். அடித்துக்கொண்டே இருந்தது. என் கை போகவில்லை. வென்-ஹோ என்னைப் பார்த்து இரண்டு விரலையும் மேலே இழுத்தார்.

எடுத்தேன்.

"அண்ணி! அண்ணன் நல்லாருக்காரா? ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

வென்-ஹோ மடியில் கிடந்த தகட்டின் ஓட்டைகள் வழியாக, நான் இறுக்கிப் போட்ட சிவப்பு முடிச்சு தெரிந்தது.